எல்இடி எரியலையா? டிஜிட்டல் ஹார்டுவேர், எம்பெடெட் படிக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறையில் வளர்ந்தவள். இப்போது தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் சிப் வெரிஃபிகேஷன் வேலை, அதாவது சிப்பின் டிசைன் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது. சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேருக்கு எங்கள் வீட்டு முன்கூடத்தில் சொல்லித் தருகிறேன். படிவம் 4 பையன் ஒருவன், பாலிடெக்னிக் பிள்ளைகள் நாலு பேர், மீதி பல்கலைக்கழகம். புதிதாக யார் வந்தாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

அக்கா, ஹார்டுவேர் டிசைனும் எம்பெடெட் புரோகிராமிங்கும் ஒன்றுதானே?

இல்லை. ஆனால் பக்கத்து வீடுகள், நடுவில் வேலிகூடக் கிடையாது. எம்பெடெட் என்றால் யாரோ ஏற்கெனவே செய்து வைத்த சிப்புக்குள் உன் புரோகிராம் ஓடுகிறது, ஒரு வரிக்குப் பிறகு அடுத்த வரி. டிஜிட்டல் டிசைனில் நீ எழுதுவது ஓடுவதே இல்லை. மின்சுற்றை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் என்ற மொழியில் பத்து வரி எழுதினால் அந்தப் பத்தும் ஒரு மின்சுற்றாக மாறி, பத்தும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். சமையல் குறிப்பு எழுதுவதற்கும் சமையலறையையே கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்.

இது மண்டையில் ஏறாததால்தான் சி மொழியில் நன்றாகப் புரோகிராம் எழுதுகிற பிள்ளைகள்கூட வெரிலாகில் முதல் ஒரு மாதம் திணறுகிறார்கள். எம்பெடெடை முதலில் தொடங்கு, கைக்குச் சீக்கிரம் பலன் தெரியும். கேட் (0, 1-ஐ வாங்கி 0 அல்லது 1 பதில் தரும் சின்னச் சுற்று), ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்று) பாடத்தையும் கூடவே படி, அது காத்திருக்க வேண்டியதில்லை.

எந்த போர்டு வாங்குவது?

ஒன்று வாங்கு. எதுவாக இருந்தாலும் ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு பையன் டிராயரில் ஆறு போர்டு வைத்திருந்தான், ஆறிலும் எல்இடி மின்னியது, அதைத் தாண்டி எதிலும் எதுவும் நடக்கவில்லை.

ஆர்டுயினோ ஊனோ பழசு, ஆனால் படிக்க நல்லது. அதில் இருப்பது ஏடிமெகா328பி, 8 பிட், 16 மெகாஹெர்ட்ஸ், ஃபிளாஷ் 32 கிலோபைட், ரேம் வெறும் 2 கிலோபைட். அந்த 2 கிலோபைட்தான் உனக்கு ஒழுக்கம் கற்றுக் கொடுக்கும். புதிதாக வாங்குவதென்றால் நான் ராஸ்பெரி பை பிக்கோவைச் சொல்வேன். 2021-ல் வந்தது, ஆர்பி2040 சிப், இரண்டு கோர், ரேம் 264 கிலோபைட், விலையும் இரண்டு மூன்று பேர் மாமாக் கடையில் சாப்பிட்டுத் தே தாரிக் குடிக்கிற காசுதான். வைஃபை வேண்டுமென்றால் இஎஸ்பி32. ஆனால் முதல் போர்டிலேயே வைஃபை வேண்டாம்; பிரச்சினை வந்தால் உன் புரோகிராமா, ரௌட்டரா, வீட்டு இணையமா என்று தெரியாமல் சுற்றுவாய்.

போர்டோடு வோல்ட், ஓம் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்றும் வாங்கு, விலை குறைந்ததே போதும். அது வாங்கக் காசு இல்லையென்றால் போர்டு வாங்குவதையும் ஒரு மாதம் தள்ளிப்போடு. விளையாட்டாகச் சொல்லவில்லை.

காசே இல்லை, போர்டு இல்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். டிஜிட்டல் டிசைனுக்கு இது இன்னும் நல்லதுகூட. ஐகாரஸ் வெரிலாக், ஜிடிகே வேவ் இரண்டும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒன்றில் சிமுலேட் செய்து, அதாவது சுற்றைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, மற்றதில் அலைவடிவத்தைப் பார்க்கலாம். கேட் படத்தை இழுத்துப் போட்டுப் பார்க்க லாஜிசிம். ஆர்டுயினோ, பிக்கோ புரோகிராமை உலாவியிலேயே ஓட்டிப் பார்க்க வோக்வி. நான் ஆறு மாதம் எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) போர்டு இல்லாமல் சிமுலேஷனில் மட்டும்தான் படித்தேன். அப்போது எனக்கு அது குறையாகத் தெரிந்தது, இப்போது சம்பளம் வாங்குவதே அந்த வேலைக்குத்தான்.

பைத்தான் தெரியும். சி கட்டாயமா?

மைக்ரோபைத்தானில் தொடங்குவதில் தப்பே இல்லை, பிக்கோவில் அழகாக ஓடும். ஆனால் வேலைக்கென்று போனால் சி இல்லாமல் தப்பிக்க முடியாது. அங்கே சி படிப்பது கல்லூரியில் படிக்கிற சி மாதிரி இருக்காது. லிங்க்டு லிஸ்ட் எழுதச் சொல்ல மாட்டார்கள். ஒரு ரிஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் இருக்கும் எட்டு பிட் பெட்டியில், ஐந்தாவது பிட்டை மட்டும் மாற்று, மற்ற ஏழையும் தொடாதே என்பார்கள்.

ஒரு கதை சொல்கிறேன். முதல் வருடம் படிக்கும்போது மாடியில் கறிவேப்பிலைச் செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்ற ஒன்று செய்தேன். மோட்டார் ஓடியதும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அதற்கு மில்லிசெகண்ட் கணக்கில் காத்திருக்க வைக்கும் டிலேக்குள் 60 பெருக்கல் 1000 என்று எழுதினேன். தண்ணீர் ஒரு தடவை ஊற்றியது, அதோடு சரி, மறுபடி அசையவே இல்லை. மோட்டாரை மாற்றினேன், ரிலேயை மாற்றினேன், அப்பா வயரிங்கைப் பிரித்து மறுபடி கட்டினார். ஊனோவில் முழு எண்ணுக்கான இன்ட் என்பது 16 பிட், அதில் 32767-க்கு மேல் இடம் கிடையாது. 60000 அங்கே மைனஸ் 5536 ஆகிவிடுகிறது. டிலே அதை மைனஸ் இல்லாத 32 பிட் எண்ணாக எடுத்துக்கொள்ளும்போது கிட்டத்தட்ட 429 கோடி மில்லிசெகண்ட், அதாவது 49 நாளுக்கு மேல். செடி பிழைத்தது, அம்மா குவளையில் ஊற்றிக்கொண்டிருந்ததால்.

60 உடன் யுஎல் என்று இரண்டு எழுத்து சேர்த்து, இதை மைனஸ் இல்லாத 32 பிட் எண்ணாக எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் போதும். இன்னொன்று, நாம் எழுதியதைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றும் கம்பைலர் இதற்கு எச்சரிக்கை கொடுக்கும், ஆனால் ஆர்டுயினோ மென்பொருள் வழக்கமாக அதைக் காட்டாமல் மறைத்து வைத்திருக்கும். செட்டிங்கில் போய் வார்னிங் எல்லாவற்றையும் திறந்து வை, இன்றைக்கே.

இன்டரப்ட், அதாவது ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி வேறொன்றைக் கவனிக்க வைப்பது, படிக்கும்போது வாலடைல் என்ற சொல் வரும். இன்டரப்டில் மாறுகிற மாறிக்கு அதைப் போடாவிட்டால், இது எங்கும் மாறவே இல்லையே என்று நினைத்துக் கம்பைலர் மறுபடி படிக்காமல் விட்டுவிடலாம். புரோகிராம் ஒரு வளையத்தில் நின்றுகொண்டே இருக்கும்.

டேட்டாஷீட்டைத் திறந்தாலே தூக்கம் வருது.

யாருக்குத்தான் வராது. சிப்பின் விவரம் எல்லாம் இருக்கிற ஆவணம், நூற்றுக்கணக்கான பக்கம், கதைப் புத்தகம் மாதிரி முதலிலிருந்து படிக்கிற பொருளே இல்லை அது. முதலில் பின் படம், அதாவது சிப்பின் எந்தக் கால் எதற்கு என்று காட்டுகிற படம். அப்புறம் அப்சல்யூட் மேக்சிமம் ரேட்டிங் அட்டவணை, அதாவது எதைத் தாண்டினால் சிப் செத்துப்போகும் என்கிற பக்கம். ஏடிமெகா328பி-யின் ஒரு பின்னுக்கு அங்கே 40 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கும். அது இலக்கு இல்லை, எல்லை; பாதியில் நிறுத்து. ஊனோவின் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போகும், மீதி 3 வோல்ட்டை 220 ஓம் ரெசிஸ்டரில் வகுத்தால் 13.6 மில்லிஆம்பியர், நிம்மதியாகத் தூங்கலாம். அதற்குப் பிறகு உனக்கு வேண்டிய அத்தியாயம் ஒன்று மட்டும்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், இடைநிலைப்பள்ளியில் மலாய், இப்போது எல்லாம் ஆங்கிலம். இது எனக்குச் சரிவருமா?

நானும் அப்படியே வந்தவள்தான். டேட்டாஷீட் ஆங்கிலம் பேச்சு ஆங்கிலம் இல்லை, ஏறக்குறைய 200 சொல் திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டில் எழுதி வை. பக்கத்தில் தமிழிலோ மலாயிலோ உனக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி. ஹோல்ட் டைம் (ஃபிளிப்-ஃபிளாப் பிடித்த பிறகும் உள்ளீடு அசையாமல் இருக்க வேண்டிய நேரம்) என்பதற்கு என் நோட்டில், 'கதவைத் தாண்டிய பிறகும் கொஞ்சம் நில்' என்று இருக்கிறது. இன்றும் அந்தச் சொல்லைக் கேட்டால் அதுதான் ஞாபகம் வருகிறது.

வெரிலாகா, விஹெச்டிஎல்லா?

இரண்டும் சுற்றை எழுதுகிற மொழிகள்தான். இங்கே வெரிலாக், அதிலிருந்து சிஸ்டம் வெரிலாக். உன் பல்கலைக்கழகம் விஹெச்டிஎல் சொல்லித் தந்தால் அதையே படி, சண்டை போடாதே. ஒன்று தெரிந்தால் மற்றது சில வாரம்தான். அடுத்த கேள்வி.

எஃப்பிஜிஏ-வில் முதலில் என்ன செய்வது?

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். சின்னச் சின்ன அட்டவணைகள், லட் என்பார்கள். நாலு உள்ளீடு உள்ள ஒரு லட் என்றால் 16 பிட் நினைவகம், அவ்வளவுதான். அந்த 16 பிட்டில் என்ன எழுதுகிறாயோ அது ஆண்ட், ஆர், எக்ஸார் என்று எந்த கேட்டாகவும் மாறும். பக்கத்தில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப். இப்படி ஆயிரக்கணக்கில் போட்டு, நடுவில் மாற்றி மாற்றி இணைக்கக்கூடிய வயர்கள். விலை குறைந்த டாங் நானோ 9கே-யில் இப்படி 8640 லட் இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு ஒரு வருடத்துக்குத் தாராளம்.

அந்த போர்டில் சுற்றுக்குத் தாளம் போடுகிற கிளாக் 27 மெகாஹெர்ட்ஸ். எல்இடியை அரை செகண்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டுமானால் 1 கோடியே 35 லட்சம் வரை எண்ண வேண்டும், அதற்கு எத்தனை பிட் என்று நீயே கணக்குப் போடு. 24 வந்தால் சரி. கணக்கைக் காகிதத்தில் போட்டு, எண்ணுகிற கவுண்டரை ஒரு பெட்டியாக வரைந்து, கூட்டியை ஒரு பெட்டியாக வரைந்து, கிளாக் எங்கே போகிறது என்று கோடு இழுத்துவிட்டு அப்புறம் கீபோர்டைத் தொடு. என் முன்கூடத்தில் இது சட்டம். படம் வரையத் தெரியாத சுற்றை வெரிலாகில் எழுத விட மாட்டேன். முதலில் முனகுவார்கள், பிறகு அவர்களே காகிதம் கேட்பார்கள்.

அந்த போர்டில் எல்இடிக்கு 0 கொடுத்தால்தான் எரியும், 1 கொடுத்தால் அணையும். இதை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. தவித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன், இப்போது எழுதிவிட்டேன், போகட்டும்.

எழுதும்போது வருகிற வழக்கமான வம்புகள் மூன்று. வெரிலாகில் ஆல்வேஸ் என்று தொடங்கும் பகுதி ஆல்வேஸ் பிளாக். கிளாக்கில் நடக்கிற ஆல்வேஸ் பிளாக்கில் எப்போதும் <= போடு, வெறும் = போட்டால் சிமுலேஷன் ஒன்று காட்டும், சிப் வேறொன்று செய்யும். கிளாக் இல்லாத பிளாக்கில் இஃப் எழுதிவிட்டு எல்ஸை மறந்தால், பழைய மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு லாட்ச் தானாக முளைக்கும், நீ கேட்கவே இல்லை, ஆனாலும் முளைக்கும். மூன்றாவது எனக்கு ஒரு தீபாவளி விடுமுறையையே தின்றது: ஒரு வயரின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் வெரிலாக் கோபித்துக்கொள்ளாது, அந்தப் பிழையான பெயரில் புதிதாக ஒரு பிட் வயர் ஒன்றை அமைதியாக உருவாக்கிவிடும். என் எட்டு பிட் டேட்டாவில் ஏழு பிட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கோப்பின் தலையில் டிஃபால்ட் நெட்டைப் நன் என்ற ஒரு வரி போட்டால் அது உடனே பிழை என்று கத்தும்.

சிமுலேஷனில் ஓடுது, போர்டில் ஓடலை. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அம்மா 20 வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் லைனில் வேலை செய்தார். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் பாலம் தாண்டிப் போவார். நுண்ணோக்கியில் சிப்புக்கும் கால்களுக்கும் நடுவே ஓடுகிற தங்கக் கம்பிகளைப் பார்க்கிற வேலை, தலைமுடியைவிட மெல்லிசு, ஏறக்குறைய 25 மைக்ரான். டிப்ளோமா கிடையாது. ஒரு நாள் ராத்திரி என் போர்டு ஓடாமல் நான் புரோகிராமைப் பத்தாவது தடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, தட்டைக் கழுவிவிட்டு வந்து போர்டை விளக்கில் சாய்த்துப் பார்த்தார். "இது மங்கலா இருக்கே, பிடிக்கலையே" என்று ஒரு காலைக் காட்டினார். சாலிடர் ஒட்டின மாதிரி இருந்தது, ஒட்டவில்லை. அவர் புரோகிராமைக் கேட்கவே இல்லை. பொருளைப் பார்த்தார்.

அதனால் முதலில் பொருளைப் பார். மல்டிமீட்டரை எடுத்துச் சிப்பின் காலிலேயே வோல்ட் அளந்து பார், பவர் சப்ளையில் அளந்தால் போதாது. சாலிடர் இல்லாமல் வயரைக் குத்திச் சுற்று கட்டுகிற நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் சிவப்புக் கோடு நடுவில் துண்டாகி இருக்கும், பாதி போர்டுக்குக் கரண்டே போகாது. இரண்டு போர்டு பேசிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டின் கிரவுண்டும் (0 வோல்ட் வயர்) சேர்ந்திருக்கிறதா பார். கணினி போர்டையே பார்க்கவில்லையா, கேபிளை மாற்று, கைப்பேசி சார்ஜுக்கு மட்டும் வருகிற கேபிள்களில் டேட்டா வயர் இருக்காது. எஃப்பிஜிஏ என்றால் பின் எண் எழுதிய கோப்பை போர்டின் வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடு.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் பட்டன்தான். சிமுலேஷனில் பட்டனை அழுத்தினால் 0, 1 ஆகும், முடிந்தது. நிஜப் பட்டனுக்குள் இரண்டு உலோகத் தகடுகள், மோதிக் குதித்து அடங்கச் சில மில்லிசெகண்ட் எடுக்கும். 27 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற சுற்றுக்கு அது யுகம், நீ ஒரு தடவை அழுத்தினால் அது பல தடவை எண்ணும். ஒரு 20 மில்லிசெகண்ட் மாறாமல் இருந்தால்தான் நம்புவேன் என்று ஒரு கவுண்டர் வை.

அதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. கிளாக் துடித்து, ஃபிளிப்-ஃபிளாப் தன் உள்ளீட்டைப் பிடித்துக்கொள்ளும் நொடியில், அதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளீடு அசையக்கூடாது. உன் விரலுக்குக் கிளாக் தெரியாது, சரியாக அந்த நொடியில் அழுத்திவிடலாம். அப்போது அது 0-வும் இல்லாமல் 1-ம் இல்லாமல் நடுவில் தள்ளாடும், அந்தத் தள்ளாட்டத்தைச் சுற்றின் ஒரு பகுதி 0 என்றும் இன்னொரு பகுதி 1 என்றும் படித்துவிடும். ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை மட்டும் கோளாறு செய்கிற போர்டு இப்படித்தான் உருவாகிறது. வெளியிலிருந்து வருகிற எந்த சிக்னலையும் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியாக வரிசையாக விட்டுவிட்டுப் பயன்படுத்து, முதலாவது தள்ளாடினாலும் இரண்டாவதிடம் வருவதற்குள் அனேகமாக நிதானத்துக்கு வந்துவிடும்.

ஐ2சி, எஸ்பிஐ, யுஆர்ட் என்று சிப்புகள் ஒன்றோடொன்று பேசுகிற சிக்னல்களைப் பார்க்க 8 சேனல் லாஜிக் அனலைசர் மலிவாகக் கிடைக்கிறது, பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு ஓடும். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

சென்சார் மாட்டினேன், பிக்கோ சூடாகிவிட்டது, செத்துப்போச்சா?

தூரம் அளக்கிற அந்த இரண்டு கண் சென்சாராகத்தான் இருக்கும். அது 5 வோல்ட்டில் பதில் அனுப்பும், பிக்கோவின் பின் 3.3 வோல்ட்டுக்கு. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போட்டுப் பிரித்தால் 3.3-க்கு வந்துவிடும். உன் பிக்கோவை எடுத்து வை, சில சமயம் அந்த ஒரு பின் மட்டும் போயிருக்கும். அப்புறம், இடி இடிக்கும்போது கணினியில் மாட்டிய போர்டைக் கழற்றிவிடு, நம் ஊர் மழையைப் பற்றி உனக்குத் தெரியாததா.

பொருளெல்லாம் எங்கே வாங்குவது?

ஷாப்பி இணையக் கடையில் எல்லாம் கிடைக்கிறது, விற்பவரின் மதிப்புரையைப் பார்த்து வாங்கு. படிக்கிறவர்களுக்கான போர்டும் உதவியும் வேண்டுமென்றால் சைட்ரான் நம் பினாங்கு நிறுவனம்தான், பிக்கோவுக்கான போர்டுகளை அவர்களே செய்கிறார்கள். கோலாலம்பூர் போகிற வேலை இருந்தால் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் ஒரு நடை போய் வா. வரிசையாக எலக்ட்ரானிக்ஸ் கடைகள், கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். நான் இரண்டு ரெசிஸ்டர் வாங்கப் போய் 80 வெள்ளி செலவு செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏஐ-யிடம் கேட்டு எழுதலாமா?

நானும் கேட்கிறேன். ஆனால் அது எழுதித் தருகிற வெரிலாகுக்கு நீ படம் வரைந்து காட்ட வேண்டும், காட்டினால் சரி. அதற்கு உன் போர்டின் மங்கலான சாலிடர் தெரியாது, பின் எண்ணைக்கூடத் தைரியமாகத் தப்பாகச் சொல்லும். டெஸ்ட்பெஞ்சை, அதாவது உன் சுற்றைச் சோதிக்கிற புரோகிராமை, மட்டும் நீயே எழுது. எழுதியவனே தன் விடைத்தாளைத் திருத்தக்கூடாது.

பினாங்கில் வேலை கிடைக்குமா? டிப்ளோமா போதுமா?

இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-ல் இங்கேதான் திறந்தது. அதே காலத்தில் ஏஎம்டி, ஹெச்பி, பாஷ் என்று வரிசையாக வந்தார்கள். உலகத்தில் நடக்கிற சிப் அசெம்ப்ளி, டெஸ்ட் வேலையில் 13 விழுக்காடு அளவுக்கு மலேசியாவில் நடக்கிறது என்பார்கள், அதில் பெரும் பங்கு இந்தத் தீவும் எதிர்க்கரையும். அம்மா காலத்தில் லைன் வேலை, இப்போது டிசைன் வேலையும் இருக்கிறது.

ஆனால் இங்கே அதிகம் கிடைப்பது டெஸ்ட், வேலிடேஷன், வெரிஃபிகேஷன், எல்லாம் சரிபார்க்கிற வேலைகள். பிள்ளைகள் இதைக் கேட்டதும் முகம் வாடுவார்கள், டிசைன்தான் கௌரவம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். 1994-ல் பென்டியம் சிப்பில் வகுத்தல் தப்பாக வந்தது, ஒரு அட்டவணையில் ஐந்து இடம் காலியாக விட்டுப்போனதுதான் காரணம், இன்டெலுக்கு 475 மில்லியன் டாலர் நட்டம். அந்த ஐந்து இடத்தைத் தேடிப் பிடிக்கிற வேலை எந்த வகையில் குறைச்சல்?

டிப்ளோமாவோடு டெக்னீஷியனாகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவர்கள் என் குழுவிலேயே இருக்கிறார்கள். 1989-லிருந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் என்று ஒன்று இருக்கிறது, தொழிற்சாலைக்கு வேண்டியதையே சொல்லித் தருகிற இடம், அதையும் பார். சிஜிபிஏ (படிப்பு முழுவதுக்குமான மதிப்பெண் சராசரி) கேட்பார்கள்தான், முதல் வடிகட்டலுக்கு. நேர்முகத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: நீ செய்த ஏதாவது ஒன்று ஓடாமல் போனது, அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று. போன வருடம் ஒரு பெண் 20 நிமிடம் தன் கோழிக்கூண்டுக் கதவைப் பற்றிப் பேசினாள், ராத்திரி மட்டும் தானாகத் திறந்துகொண்டதாம், பட்டன் அழுத்தாதபோது பின்னை 1-லேயே பிடித்து வைக்கிற புல்-அப் ரெசிஸ்டர் போடவில்லை, விளக்கு போடும்போது வருகிற மின் இரைச்சலைப் பட்டன் அழுத்தம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. விளக்குப் போட்ட நேரத்தை மூன்று நாள் நோட்டில் குறித்து வைத்துப் பிடித்திருக்கிறாள். எடுத்துக்கொண்டோம்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்கள் அக்கா.

சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் எது தொல்லை தருகிறது என்று பார். கோடு பார்த்து ஓடுகிற வண்டி மட்டும் வேண்டாம், நிறையப் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

மடிக்கணினி, டேட்டா போகிற கேபிள், கோடு போடாத நோட்டு, பென்சில். காலை 10 மணி. ஒன்பதரைக்கே வந்தால் அம்மா தோசை சுடுவார், போர்டையும் கையோடு காட்டு.